வாடகை வீடும் கோவையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கோயம்புத்தூரிலிருந்து வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை வீட்டு வாடகையைப் பற்றியவை. பத்து லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் பகுதியைப் பெருநகர்ப் பகுதிக்கான அளவாக அரசமைப்புச் சட்டம் கொள்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அந்த அளவைத் தாண்டிய நகரத் திரள்கள் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நான்குதான். ஏறத்தாழ 87 லட்சம் பேர் வாழ்ந்த சென்னைக்கு முன்னால் 21 லட்சம் பேர் வாழ்ந்த கோவை சிறிய பெருநகரமே. என்றாலும், சம்பளத்தில் பெரும் பங்கை முதல் வாரத்திலேயே வீட்டுக்காரரிடம் எண்ணிக் கொடுத்துவிடும் குடும்பத்தின் கவலை இரண்டு ஊர்களிலும் ஒன்றுதான். மற்ற ஊர்க்காரர்களின் கடிதங்களுக்கு அடுத்தடுத்த இதழ்களில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (சரவணம்பட்டி வாசகர்): ஆறு ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். மாதம் 9,500 ரூபாய் கொடுக்கிறோம். பக்கத்து வீடும் அதே வீட்டுக்காரருடையதுதான், அளவும் அதேதான். சென்ற மாதம் அது புதிதாக வந்தவர்களுக்கு 15,000 ரூபாய்க்குப் போயிருக்கிறது. கோவையில் வாடகை பல மடங்கு ஏறிவிட்டது என்று ஒருவர் சொல்கிறார். அப்படியொன்றும் ஏறவில்லை என்று இன்னொருவர் சொல்கிறார். எந்தக் கணக்கை நம்புவது?

பதில்: ஒரே ஊரில் ஒரே நேரத்தில் இரண்டு வாடகைகள் புழங்குகின்றன. ஏற்கெனவே குடியிருப்பவர் மாதாமாதம் கொடுத்துவருவது ஒன்று; காலியான வீட்டுக்குப் புதிதாக வருபவரிடம் கேட்கப்படுவது மற்றொன்று. உங்களிடம் பேசிய இருவரும் ஆளுக்கொரு வாடகையைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள் என்பதால் இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

இதைக் கணக்காகப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஒரு தெருவில் நூறு வாடகை வீடுகள் இருப்பதாகவும் எல்லாவற்றுக்கும் வாடகை 10,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஓராண்டில் பத்து வீடுகள் காலியாகிப் புதியவர்களுக்கு 13,000 ரூபாய்க்குப் போகின்றன. மீதித் தொண்ணூறு வீடுகளில் வழக்கம்போல் 500 ரூபாய் கூட்டுகிறார்கள். வீடு தேடி அந்தத் தெருவுக்கு வருபவர் வாடகை 30 சதவீதம் ஏறிவிட்டது என்பார். நூறு வீடுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஏற்றம் 750 ரூபாய், அதாவது ஏழரை சதவீதம். அடுத்த ஆண்டு இன்னும் பத்து வீடுகள் கைமாறும்போது அந்த ஏற்றம் இன்னும் பத்துக் குடும்பங்களை எட்டும். புது வாடகை முதலில் ஏறுகிறது. பழைய வாடகை சில ஆண்டுகள் பின்தங்கி அதைத் தொடர்ந்து போகிறது.

அரசின் விலைவாசிக் குறியீடுகள் அந்த நூறு வீடுகளையும் பார்க்கும் வகையைச் சேர்ந்தவை. தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர் விலைக் குறியீட்டுக்கு 2016ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு நாடெங்கும் 88 மையங்களில் விலை சேகரிக்கிறார்கள். கோவையும் அதில் ஒரு மையம். தேர்ந்தெடுத்த வீடுகளுக்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போய் வாடகை கேட்டு, ஜனவரியிலும் ஜூலையிலும் அந்த எண்ணைத் திருத்துகிறார்கள். பல ஆலைகளில் பஞ்சப்படி இந்தக் குறியீட்டை ஒட்டியே கணக்கிடப்படுவதால் இது வெறும் புள்ளிவிவரம் ஆகாது. ஆனால் அதில் பழைய குடித்தனங்களின் வாடகையே மிகுதியாகப் படிந்திருக்கும். இன்று வீடு தேடுபவரின் வேதனை அந்த எண்ணில் தாமதமாகத்தான் தெரியும். இணைய விளம்பரங்களில் இதற்கு நேர்மாறான குறை இருக்கிறது. அங்கே காணப்படுவது கேட்கும் தொகை. பேசி முடித்த தொகையைக் காண முடியாது. அடுக்குமாடி வீடுகள் நிறையத் தென்படும். ஒண்டிப்புதூரில் ஒரு சந்துக்குள் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு அந்தப் பக்கமே வராது.

எனவே உங்கள் பகுதி நிலவரம் வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டைச் சுற்றி நான்கு தெருக்களில் நடந்து பாருங்கள். அட்டையில் எழுதியிருக்கும் தொகையைக் கேட்பதோடு நிறுத்தாமல், சென்ற மூன்று மாதங்களில் குடிவந்தவர்களிடம் எவ்வளவுக்கு முடிந்தது என்று கேளுங்கள். பத்துப் பேரின் பதில், எந்த நிறுவனத்தின் அறிக்கையைவிடவும் உங்கள் வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கும். வீட்டுக்காரர் அடுத்த முறை 15,000 ரூபாய் கேட்கும்போது, ஆறு ஆண்டுகளாகத் தவறாமல் வாடகை கொடுத்த குடும்பம், ஒரு மாதம்கூடக் காலியாக இராத வீடு, புரோக்கர் செலவு இல்லாமை ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்கும்படி தயங்காமல் சொல்லுங்கள். வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் அவருக்கு 30,000 ரூபாய் நட்டம். அதை ஓராண்டுக்குப் பிரித்தால் மாதம் 2,500 ரூபாய் ஆகிறது. அவர் கேட்கும் தொகையில் அவ்வளவு வரை குறைத்துப் பேச உங்களுக்கு நியாயம் உண்டு.

கேள்வி (பீளமேடு வாசகி): நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், ஒரு குழந்தை இருக்கிறது. சத்தி சாலைப் பக்கம் கேட்கும் வாடகைக்குக் குனியமுத்தூரிலோ வடவள்ளியிலோ பெரிய வீடே கிடைக்கிறது என்கிறார்கள். ஒரே ஊருக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம்? இது இப்படியே ஏறிக்கொண்டு போகுமா?

பதில்: வாடகை வேலையைத் தொடர்ந்து போகிறது என்பதற்குக் கோவையைவிட நல்ல எடுத்துக்காட்டு குறைவு. 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கி, 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு நூற்பாலைகள் வரிசையாக எழுந்தபோது, அவற்றைச் சுற்றித்தான் வாடகை வீடுகளும் எழுந்தன. சிங்காநல்லூர், பீளமேடு, உப்பிலிபாளையம் பக்கங்களில் ஒரே கூரையின் கீழ் ஏழெட்டுக் குடும்பங்கள் வாழ்ந்த லைன் வீடுகள், ஷிப்டு முடிந்து நடந்தே வீடு திரும்பும் தொழிலாளிக்காகக் கட்டப்பட்டவை. பிறகு பம்பு, மோட்டார் பட்டறைகளும் வார்ப்பு ஆலைகளும் கணபதி, பீளமேடு பகுதிகளில் பெருகியபோது வாடகையும் அந்தப் பக்கம் நகர்ந்தது.

இப்போதைய நகர்வு வடகிழக்கு நோக்கியது. விளாங்குறிச்சியில் டைடல் பூங்கா 2010இல் திறக்கப்பட்டது. கீரணத்தத்திலும் சரவணம்பட்டியிலும் மென்பொருள் வளாகங்கள் வந்தன. அதே சாலைகளில் பெரிய கல்லூரிகளும் இருக்கின்றன. 2024 நவம்பரில் விளாங்குறிச்சியில் இன்னொரு தகவல் தொழில்நுட்பக் கட்டடமும் திறக்கப்பட்டது. இந்த வேலைகளுக்கு வரும் இளைஞர்களில் பலர் திருமணமாகாதவர்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுக்கிறார்கள். உங்களைப் போன்ற குடும்பத்துக்கு இங்கேதான் சிக்கல் வருகிறது. ஆளுக்கு 6,000 ரூபாய் என்பது அவர்களில் யாருக்கும் பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் மூன்று பேர் சேர்ந்தால் 18,000 ரூபாய் ஆகிவிடுகிறது. குழந்தையோடு ஒரு குடும்பம் அதே இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 18,000 கொடுக்க வேண்டுமானால் வீட்டின் மொத்த வரவுசெலவும் ஆட்டம் காண்கிறது. குடும்பத்துக்குத்தான் வீடு என்று அட்டை தொங்கவிடும் வீட்டுக்காரர்களும் தெருவில் நிலவும் அந்த விலையைப் பார்த்தே தங்கள் வாடகையை முடிவு செய்கிறார்கள்.

மேற்கிலும் தெற்கிலும் கதை வேறு. வடவள்ளி, கோவைப்புதூர், குனியமுத்தூர் பகுதிகளில் சொந்த வீட்டுக்காரர்கள் கீழே குடியிருந்துகொண்டு மாடியைக் கட்டி வாடகைக்கு விடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அவர்களுக்கு வாடகை என்பது ஓய்வூதியத்துக்குத் துணையான வரவு. நல்ல குடித்தனம் அமைந்தால் போதும் என்று ஓரளவு விட்டுக்கொடுப்பார்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் தெரு என்றால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. வீடு பார்க்கப் போகும்போது நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, உப்புத் தண்ணீர் போர் கோடையில் வற்றுகிறதா என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வாடகை பேசுங்கள். மாதம் இரண்டு லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருந்தால் குறைந்த வாடகை குறைந்ததாக இராது.

பயண நேரத்தையும் இதே போலச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு, ஊருக்குள் வேலை பார்ப்பவர் சின்னியம்பாளையம் பக்கம் குடியிருப்பது எளிதாகியிருக்கிறது. பயண நேரம் குறைந்த இடத்தில் முதலில் குடித்தனமும் பின்னால் வாடகையும் ஏறும். எனவே அந்தப் பக்கம் போக நினைப்பவர் நீண்ட கால ஒப்பந்தமாகப் போட்டுக்கொள்வது நல்லது. ஆனால் மெட்ரோ ரயில் வரப்போகிறது என்று சொல்லி அதிக வாடகை கேட்டால் கொடுக்க வேண்டாம். அவிநாசி சாலையிலும் சத்தி சாலையிலும் திட்டமிடப்பட்ட அந்தத் தடங்களுக்கான அறிக்கையை, மக்கள்தொகை அளவைக் காரணம் காட்டி 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. வராத ரயிலுக்கு வாடகைதாரர் இன்றே பணம் கட்டத் தேவையில்லை.

இப்படியே ஏறிக்கொண்டு போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்கு வருபவர்களின் எண்ணிக்கை கட்டப்படும் வீடுகளின் எண்ணிக்கையை முந்திக்கொண்டிருக்கும் வரை ஏறும். ஒரே பகுதியில் நூற்றுக்கணக்கான அடுக்குமாடி வீடுகள் ஒன்றாகக் கட்டி முடியும் ஆண்டில் சற்றுத் தணியும். எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மூடப்பட்ட ஆலைகளின் நிலம் கைமாறி, பழைய லைன் வீடுகள் இடிக்கப்பட்டு, அந்த இடங்களில் பெரிய வீடுகளும் வணிகக் கட்டடங்களும் எழுகின்றன. இரண்டு அறை, பொதுக் கழிப்பறை என்று இருந்தாலும் ஒரு கூலித் தொழிலாளியின் சம்பளத்துக்கு எட்டிய வீடுகள் அவை. அவற்றின் இடத்தில் அதே வாடகைக்கு வேறு எதுவும் வரவில்லை. வார்ப்பு ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஓர் அறைக்கு ஆறேழு பேராகத் தலைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து ஒண்டியிருப்பதை ஊருக்குள் யாரும் பார்க்கலாம். சதுர அடிக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் அவர்கள் கொடுப்பது மாளிகை வாடகை.

கேள்வி (சிங்காநல்லூர் வாசகர்): சொத்து வரி ஏறிவிட்டது என்று சொல்லி வீட்டுக்காரர் ஒரேயடியாக மாதம் 1,500 ரூபாய் கூட்டியிருக்கிறார். எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை. இதைக் கேட்க வழி உண்டா?

பதில்: வரி ஏறியது உண்மை. 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட உயர்வில், 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,200 சதுர அடி வரை 50 சதவீதமும், 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் கூட்டப்பட்டது. ஆனால் அந்த உயர்வை மாதக் கணக்காக மாற்றிப் பார்க்க வேண்டும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு வரி 1,500 ரூபாயாக இருந்து 50 சதவீதம் கூடியிருந்தால் இப்போது 2,250 ரூபாய். கூடியது ஆறு மாதத்துக்கு 750; மாதத்துக்கு 125 ரூபாய். அதன் பிறகு ஆண்டுதோறும் சிறிது ஏறியதையும் சேர்த்துக்கொண்டாலும் 1,500 ரூபாய்க்கு வரியைக் காரணமாகச் சொல்ல முடியாது. வரி ரசீதைக் காட்டச் சொல்லி மரியாதையோடு கேளுங்கள். கேட்ட பிறகு தொகையைக் குறைத்துக்கொண்ட வீட்டுக்காரர்களை நான் அறிவேன்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது, எழுத்து ஒப்பந்தம் இல்லை என்ற வரி. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை நியாய வாடகை நிர்ணயிக்கக் கோரி மனு போட வழி இருந்தது. எழுத்து இல்லாத குடித்தனத்துக்கும் ஓரளவு பாதுகாப்பு இருந்தது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வாடகை என்பது இருவரும் ஒப்புக்கொண்ட தொகை. உயர்வும் ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வீட்டைக் காலி செய்யக் கோருவதற்கான ஒரு காரணமாகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. பழைய குடித்தனக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. பதினோரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும் என்று புரோக்கர்கள் சொல்வது, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற வேறொரு சட்டத்தை மனத்தில் வைத்துத்தான். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவுக்குப் பதினோரு மாதக் கணக்கு விலக்குத் தராது.

எனவே வரியைப் பற்றிப் பேசப்போகும் அதே சந்திப்பில் ஒப்பந்தத்தையும் கேளுங்கள். இந்த ஆண்டு 700 ரூபாய் உயர்வு, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஐந்து சதவீதம் என்பது போல ஏதாவது ஓர் அளவை எழுதிக்கொண்டால், அவருக்கும் ஒவ்வொரு சித்திரைக்கும் உங்களோடு வாதாட வேண்டியிராது.

கேள்வி (ஆர்.எஸ்.புரம் வாசகர்): பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். சட்டப்படி மூன்று மாதம்தான் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர் சொல்வது பாதி சரி. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத நிலையில் என்ற சொற்கள் அதன் முன்னால் இருக்கின்றன. பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் பிறகு மூன்று மாதத்தைக் காட்டி வாதாடுவது கடினம். அந்தச் சொற்கள் சட்டத்துக்குள் வந்திருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வீடு தேவைப்படுபவர் எதற்கும் தலையாட்டும் நிலையில் இருக்கும்போது ஒப்பந்தத்தின் பெயரால் பாதுகாப்பை விலக்கிக்கொள்ளலாம் என்றால் அந்தப் பாதுகாப்பு யாருக்குப் பயன்படும்?

15,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாதம் என்றால் ஒன்றரை லட்சம் ரூபாய். அதற்கு வங்கியில் ஏழு சதவீத வட்டி கிடைக்கும் என்றால் ஆண்டுக்கு 10,500 ரூபாய், மாதம் 875 ரூபாய். உங்கள் உண்மையான வாடகை 15,875 என்று வைத்துக்கொண்டு மற்ற வீடுகளோடு ஒப்பிடுங்கள். காலி செய்த பிறகு, நியாயமான பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குடிபோகும் நாளிலேயே சுவர், குழாய், கதவு, மின் விசிறி எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதியை அனுப்பிவிடுங்கள். பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஊர் வழக்கமாகிவிட்டது. எத்தனை ஆண்டு குடியிருந்தால் எவ்வளவு பிடித்தம் என்பதை ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிவிட்டால் கடைசி நாளில் மனக்கசப்பு வராது.

கேள்வி (கணபதி வாசகி): கணவர் காலமான பிறகு மாடி வீட்டைப் பூட்டியே வைத்திருக்கிறேன். வாடகைக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். எனக்கு வேறு வருமானமும் அதிகம் இல்லை.

பதில்: அம்மா, உங்கள் பயம் பழைய சட்டத்தின் காலத்தில் வேரூன்றியது. அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. பத்து இருபது ஆண்டுகள் வழக்காடி ஓய்ந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உங்களைப் போலப் பயந்து பூட்டி வைத்தவர்கள் நாடெங்கும் ஏராளம். 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் மட்டும் ஒரு கோடியே பத்து லட்சம் அளவுக்கு வீடுகள் காலியாகக் கிடந்தன. வீடு தேடி அலைபவர்கள் இருக்கும் அதே தெருவில் வீடு பூட்டிக் கிடக்கிறது. வாடகை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைய சட்டத்தில் எழுத்து ஒப்பந்தமும் பதிவும் இருந்தால் உங்கள் நிலை வலுவானது. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, அறிவிப்புக் கொடுத்தும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தை நாடலாம். ஒப்பந்தக் காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடமிருந்து இரட்டிப்பு வாடகை கோர வழி இருக்கிறது. ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். பாக்கி இருக்கிறது என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது. சட்டம் அதைத் தடை செய்கிறது. மாடிக்குத் தனி மின் இணைப்பு இருப்பதும் நல்லது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை குடியிருப்பவருக்கு நேரடியாகப் போய்ச் சேரும். யூனிட்டுக்கு எவ்வளவு என்ற வழக்கமான சண்டை உங்கள் வீட்டுப் படியேறாது. தெருவில் நிலவும் வாடகையைவிட ஐந்நூறு ரூபாய் குறைத்துச் சொல்லி, வருபவர்களில் உங்கள் மனத்துக்குப் பிடித்த குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள். வரும் வாடகைக்கு வருமான வரி கட்ட வேண்டியிருந்தாலும், சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு உண்டு.

கேள்வி (போத்தனூர் வாசகர்): ஆறு லட்சம் கொடுத்து மூன்று ஆண்டுகளுக்குப் போக்கியத்துக்கு ஒரு வீடு வருகிறது. மாத வாடகை இல்லை. எடுக்கலாமா?

பதில்: ஆறு லட்சத்துக்கு ஏழு சதவீத வட்டி ஆண்டுக்கு 42,000 ரூபாய், மாதம் 3,500 ரூபாய். அந்த வீட்டின் வாடகை 9,000 ரூபாய் பெறும் என்றால் கணக்குப்படி உங்களுக்கு மிக நல்ல பேரம். நல்ல பேரம் என்பதாலேயே ஏன் கொடுக்கிறார் என்று விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் வீட்டுக்காரருக்கு அவசரமாக ஒரு தொகை தேவைப்படுகிறது. அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, அவர் தவணை கட்டத் தவறினால், வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும்போது உங்கள் ஆறு லட்சம் பின்வரிசையில் நிற்கும். வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், மூலப்பத்திரத்தைக் கேளுங்கள், வங்கியில் இருக்கிறது என்று பதில் வந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் போக்கியப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். முத்திரைத்தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளும் போக்கியத்தில் வாழ்நாள் சேமிப்பைப் போட வேண்டாம்.

கேள்வி (ரேஸ்கோர்ஸ் வாசகர்): வருமான வரிக்கான வீட்டு வாடகைப் படிக் கணக்கில் கோவை பெருநகரமா?

பதில்: இல்லை. நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால், வாடகைப் படிக்கான வரிவிலக்கில் சம்பளத்தில் 50 சதவீதம் என்ற உச்சவரம்பு சென்னைக்கு உண்டு. கோவைக்கு 40 சதவீதம்தான். மத்திய அரசு ஊழியர்களுக்கான பட்டியலிலும் கோவை இரண்டாம் வகுப்பு நகரம். 2024 ஜனவரி முதல் கோவையில் வாடகைப் படி அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம், சென்னையில் 30 சதவீதம். சரவணம்பட்டி வாடகையைப் பார்க்கும்போது இந்த இடைவெளி இன்றைக்குப் பொருந்தவில்லை என்பதே என் எண்ணம்.

கேள்வி (துடியலூர் வாசகர்): 14,000 ரூபாய் வாடகை கொடுப்பதற்குப் பதில் அதே போன்ற வீட்டை 55 லட்சத்துக்கு வாங்கி, வாடகையையே தவணையாகக் கட்டலாமே என்கிறார் மனைவி.

பதில்: கையில் இருக்கும் 15 லட்சம் போக 40 லட்சம் கடன் வாங்கினால், எட்டரை சதவீத வட்டிக்கு இருபது ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 34,700 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 28,000 ரூபாய்க்கு மேல், அதாவது இப்போதைய வாடகையைப் போல இரு மடங்கு. 55 லட்சம் பெறும் வீட்டுக்கு ஆண்டு வாடகை 1,68,000 ரூபாய் என்பது மூன்று சதவீதம்தான். இந்த விகிதம் நிலவும் வரை, வாடகைக்குக் குடியிருப்பது பணத்தை வீணாக்குவது என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. சொந்த வீட்டில் இருக்கும் நிம்மதிக்கு விலை உண்டு என்று உங்கள் மனைவி சொன்னால் அது நியாயமான பேச்சு. மாதம் இருபதாயிரம் ரூபாய் கூடுதலாக அந்த நிம்மதிக்குக் கொடுக்க முடியுமா என்பதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி (காளப்பட்டி வாசகி): தனியாக இருக்கும் வேலைபார்க்கும் பெண் நான். எங்கள் மதத்தைக் கேட்டதும் வீடு இல்லை என்கிறார்கள். சிலர் உணவைக் கேட்கிறார்கள். கிடைக்கும் வீட்டுக்கு வாடகையும் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து வருந்தினேன். இதுவும் வாடகைச் சந்தையின் ஒரு பகுதிதான். நூறு அட்டைகள் தொங்கும் ஊரில் உங்களுக்கு இருபது கதவுகளே திறக்கின்றன என்றால், அந்த இருபது வீட்டுக்காரர்களும் அதைத் தெரிந்துகொண்டு விலை சொல்வார்கள். மறுக்கப்படுவதன் சுமை வாடகை ரூபாயாகவே உங்கள் மேல் விழுகிறது. தனியார் வீட்டுக்காரர் இப்படி மறுப்பதைத் தடுக்கும் பிரிவு நம் வாடகைச் சட்டத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் தொடர்ந்து எழுதுவேன். இப்போதைக்கு, உடன் பணிபுரிபவர்களில் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யப்போகிறவர்கள் யார் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நல்ல குடித்தனக்காரர் ஒருவர் தம் வீட்டுக்காரரிடம் நேரில் அழைத்துப்போய் அறிமுகம் செய்யும்போது திறக்கும் கதவுகள் அட்டையைப் பார்த்துப் போகும்போது திறப்பதில்லை.

கேள்வி (சுந்தராபுரம் வாசகர்): ஆண்டில் எந்த மாதம் வீடு தேடினால் வாடகை குறையும்?

பதில்: பள்ளிகளும் கல்லூரிகளும் திறக்கும் மே, ஜூன் மாதங்களில் தேடினால் அதிக விலை கொடுப்பீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு மாறுவதில்லை. ஆனியில் காலியான வீடு ஆவணி வரை பூட்டிக் கிடக்கும் என்ற கவலை வீட்டுக்காரர்களுக்கு உண்டு. ஆடி இரண்டாம் வாரத்தில் போய்ப் பாருங்கள். ஒரு மாத வாடகை கைவிட்டுப் போகும் என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் பேசினால் ஐந்நூறோ ஆயிரமோ குறையும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆடியில் குடிபுகச் சம்மதம் இல்லையென்றால், ஆடியிலேயே வாடகையைப் பேசி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, முன்பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக் கணக்கு ஆவணி முதல் தேதியிலிருந்து என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு, அன்று காலை பால் காய்ச்சலாம்.